பெரிய சேமிப்பகங்களின் காப்பு நகல்: அளவைக் காரணம் காட்டுவது சரியா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்கொரியாவின் தேஜான் நகரில் உள்ள தேசியத் தகவல் வளங்கள் மையத்தில் 2025 செப்டம்பர் 26 அன்று இரவு, லித்தியம் அயனி மின்கலங்களை இடம் மாற்றும் பணியின்போது தீப்பிடித்து, அந்நாட்டு அரசின் 709 கணினி அமைப்புகள் ஒரே நேரத்தில் நின்றுபோன செய்தியை வாசகர்கள் அறிந்திருப்பார்கள். நின்றவற்றில் பெரும்பாலானவை பிறகு படிப்படியாக மீட்கப்பட்டன. அரசு ஊழியர்கள் தலைக்கு 30 ஜிகாபைட் வீதம் இடம் பெற்றுத் தங்கள் அலுவல் கோப்புகளை வைத்திருந்த ‘ஜி-டிரைவ்’ என்ற பொதுச் சேமிப்பகத்துக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. அதிலிருந்த 858 டெராபைட் தரவுக்கு வேறெங்கும் நகல் இல்லை.

அந்த மையத்தின் மற்ற அமைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு நாள்தோறும் காப்பு நகல் எடுத்து, தொலைவில் உள்ள இன்னொரு இடத்திலும் வைத்திருந்தார்கள். ஜி-டிரைவுக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டபோது, அது கொள்ளளவு பெரிதாகவும் வேகம் குறைவாகவும் அமைந்த சேமிப்பகம் என்பதால் வெளியே நகல் எடுக்க இயலவில்லை என்று விளக்கம் தரப்பட்டது. சேமிப்பகப் பராமரிப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், இதே விளக்கத்தை நம் ஊர் மருத்துவமனைகளிலும் கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் அடிக்கடி கேட்டு வருகிறேன். ‘சார், பேக்கப் ராத்திரி முழுக்க ஓடியும் முடிய மாட்டேங்குது, டேட்டா அவ்வளவு பெரிசு’ என்பார்கள். இதை ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை என்பதைச் சொல்லவே இக்கடிதம்.

முதலில் வெறும் கணக்கைப் பார்ப்போம். நொடிக்கு 10 ஜிகாபிட் வேகம் கொண்ட வலையமைப்பு இணைப்பு இன்று நடுத்தர அளவு நிறுவனங்களில்கூடச் சாதாரணமாகக் கிடைப்பது. அது முழு வேகத்தில் ஓடினால் நொடிக்கு 1.25 ஜிகாபைட் போகும். 858 டெராபைட்டும் போய்ச் சேர ஏறத்தாழ 8 நாட்கள் ஆகும். பாதி வேகம்தான் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் 16 நாட்கள். இது முதல் முறை எடுக்கும் முழு நகலுக்கு மட்டுமே உரிய காலம். அதன்பிறகு, நாளொன்றுக்கு நூற்றில் ஒரு பங்கு தரவு மாறுகிறது என்று தாராளமாகவே கணக்கிட்டாலும், அன்றாடம் அனுப்ப வேண்டியது 8.6 டெராபைட்டுக்குள் அடங்கிவிடும். பாதி வேகத்திலும் அது 4 மணி நேரத்துக்குள் முடிகிற வேலை. ஆகவே அளவு மட்டும் தடையாக இருந்திருக்க முடியாது. பிறகு ஏன் உலகெங்கும் பெரிய சேமிப்பகங்களின் காப்பு நகல் இவ்வளவு மெதுவாக நடக்கிறது?

விடை பெரும்பாலும் கோப்புகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. மருத்துவமனை ஒன்றின் ஸ்கேன் படங்களை எடுத்துக்கொள்வோம். சி.டி. ஸ்கேனில் ஒரு குறுக்குவெட்டுப் படம் என்பது வழக்கமாக 512-க்கு 512 புள்ளிகள், புள்ளிக்கு இரண்டு பைட். அதாவது சுமார் அரை மெகாபைட். ஒரு நோயாளிக்கு ஒரே தடவையில் இத்தகைய படங்கள் பல நூறு உருவாகின்றன, ஒவ்வொன்றும் தனித்தனிக் கோப்பாக. அப்படியே சுருக்காமல் வைத்தால் ஒரு டெராபைட்டில் 20 லட்சம் கோப்புகள். 100 டெராபைட்டில் 20 கோடி. அந்த 20 கோடியில் நேற்றிரவுக்குப் பிறகு மாறியவை எவை என்று காப்பு நகல் மென்பொருள் வலையமைப்பின் வழியே ஒவ்வொரு கோப்பாகக் கேட்டால், ஒரு கேள்விக்கு ஒரு மில்லிநொடி என்று வைத்தாலும் 2 லட்சம் நொடிகள், அதாவது இரண்டு நாட்களும் ஏழரை மணி நேரமும் ஆகும். இதில் ஒரு பைட் தரவுகூட இன்னும் நகலெடுக்கப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அன்று மாறியது சில நூறு கோப்புகளாகவே இருந்தாலும் இந்தக் காலம் குறையாது.

ஊரில் யாருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று அறிய, பிறப்புப் பதிவேட்டைப் புரட்டாமல் ஒவ்வொரு இரவும் வீடு வீடாகக் கதவைத் தட்டுவதற்கு நிகரான வேலை இது. மாறிய கோப்பு கிடைத்த பிறகும் அதைத் திற, படி, மூடு என்று சேமிப்பகத்துக்கும் மென்பொருளுக்கும் இடையே சில செய்திகள் போய்வர வேண்டும். ஒரு கோப்பு 50 ஜிகாபைட் என்றால் இந்தச் சடங்குகளின் நேரம் கணக்கிலேயே வராது. 50 கிலோபைட் என்றால் நேரமெல்லாம் சடங்குகளுக்கே போய்விடும். அதனால்தான் ஒரே வலையமைப்பில், ஒரே சாதனத்திலிருந்து, சினிமா எடிட்டிங் கூடத்தின் 100 டெராபைட் ஓரிரு நாட்களில் நகலாகிவிடுகிறது. ஸ்கேன் மையத்தின் 100 டெராபைட் வாரக்கணக்கில் இழுக்கிறது.

மெதுவாக இருக்கிறது என்ற புகார் வந்தவுடன் பெரும்பாலான இடங்களில் செய்வது, கூடுதல் வேகம் கொண்ட வலையமைப்புச் சுவிட்ச் வாங்குவது. ஒரே தடவையில் அனுப்பும் தரவுப் பொட்டலத்தைப் பெரிதாக்கும் ‘ஜம்போ ஃபிரேம்’ போட்டுப் பாருங்கள் என்று யாராவது ஒருவர் நிச்சயம் சொல்வார். கோப்பு ஒவ்வொன்றுக்கும் காத்திருப்பதில்தான் நேரம் கழிகிறது என்றால், குழாயை எவ்வளவு அகலமாக்கினாலும் ஒரு பயனும் இல்லை. வழியில் ஒரே ஒரு சாதனம் அந்தப் பெரிய பொட்டலத்தை ஏற்காமல் விட்டால், இல்லாத சிக்கல் புதிதாக முளைப்பதும் உண்டு.

செலவுக்கு முன் செய்ய வேண்டியது அளவெடுப்பது. இதற்கு விலை கொடுத்து எந்த மென்பொருளும் வாங்கத் தேவையில்லை. லினக்ஸ் கணினி ஒன்றிலிருந்து ஒரு பெரிய கோப்பைச் சேமிப்பகத்திலிருந்து படித்துப் பார்த்தால், வலையமைப்பும் வட்டுகளும் எவ்வளவு தாங்கும் என்று தெரிந்துவிடும். அடுத்து, மாதிரிக்கு ஒரு கோப்புறையை எடுத்து, கோப்புகளை ஒரே தொகுப்பாகக் கட்டும் டார் கட்டளையின் வெளியீட்டை, வருவதையெல்லாம் வீசிவிடும் டெவ்-நல் என்னும் வெற்றுச் சாதனத்துக்கு நேரடியாக அனுப்பி நேரம் குறிக்க வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு: வெளியீடு நேரே வெற்றுச் சாதனத்துக்குத்தான் போகிறது என்று கண்டுகொண்டால், குனு டார் (லினக்ஸில் வழக்கமாக இருக்கும் டார்) கோப்புகளின் உள்ளடக்கத்தைப் படிக்கவே படிக்காது, பெயர்களையும் விவரங்களையும் மட்டும் திரட்டி முடித்துவிடும். இதை அறியாமல் ‘பாருங்கள், பத்து டெராபைட் பத்து நிமிடத்தில் படித்துவிட்டது’ என்று மகிழ்ந்தவர்கள் பலர். அறிந்து பயன்படுத்தினால் இதுவே நல்ல அளவுகோல். நேரடியாக அனுப்பும்போது ஆகும் நேரம், கோப்புறைகளில் நடந்து திரிவதற்கு மட்டும் ஆகும் நேரம். இடையில், வந்ததை அப்படியே கடத்தும் கேட் கட்டளையை நுழைத்து அதன் வழியாக அனுப்பினால் வருவது, நடப்பதற்கும் படிப்பதற்கும் சேர்த்து ஆகும் நேரம். இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லையென்றால் நோய் எங்கே என்பது தெளிவு. இரண்டும் விரைவாக முடிந்தும் காப்பு நகல் மட்டும் மெதுவாக இருந்தால், குறை நகலைப் பெறும் பக்கத்தில் இருக்கிறது. சேமிப்பகத்தின் மேல் பழி போட வேண்டியதில்லை. ஒரே கோப்புறையை அடுத்தடுத்து இரு முறை அளந்தால், முதல் முறை நினைவகத்தில் தங்கியது இரண்டாவது முறைக்கு உதவிவிடும் என்பதால், சம அளவுள்ள இரு வேறு கோப்புறைகளைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

நோய் நடையில்தான் என்று தெரிந்தால் முதல் மருந்து, ஒருவர் நடக்கும் இடத்தில் பலரை நடக்க விடுவது. கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் போன்ற எளிய கருவிகள் தம்மளவில் ஒற்றையாகவே நடப்பவை. மேல்மட்டக் கோப்புறைகளைப் பிரித்து 16 ஓட்டங்களாக இணையாக விட்டால், மேலே சொன்ன 2 லட்சம் நொடிகள் கணக்குப்படி மூன்றரை மணி நேரமாகச் சுருங்கும். நடைமுறையில் அவ்வளவு கச்சிதமாக வராது. பதினாறில் ஒன்றின் கீழ் மொத்தக் கோப்புகளில் பாதி இருந்தால், மற்ற பதினைந்தும் முடிந்த பிறகு அந்த ஒன்று மட்டும் விடியும் வரை ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே பிரிப்பதை ஃபோல்டர் எண்ணிக்கையைக் கொண்டு செய்யாமல், உள்ளிருக்கும் கோப்புகளின் எண்ணிக்கையைக் கொண்டு செய்ய வேண்டும். ஒரே கோப்புறைக்குள் 40 லட்சம் சிறு படங்களைக் கொட்டி வைத்திருந்தால் அதை எந்தக் கருவியாலும் எளிதில் பிரிக்க முடியாது. அதை உருவாக்கும் மென்பொருளிலேயே ஆண்டு, மாதம், நாள் என்று அடுக்கச் சொல்வதுதான் வழி. பகலில் பயனாளர்கள் வேலை செய்யும் நேரத்தில் ஓட்டங்களைக் கூட்டினால் அவர்களுக்கு ஃபைல் திறக்காது என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும்.

ஆனால் இணையாக நடப்பதைவிட, நடக்காமலே இருப்பது மேல். எந்தக் கோப்பு மாறியது என்பது சேமிப்பகத்துக்கே தெரியும். அதை அதனிடமே கேட்கும் வசதி இன்று பெரும்பாலான தரமான அமைப்புகளில் இருக்கிறது. ஸ்னாப்ஷாட் என்பது ஒரு கணத்தில் கோப்புகள் இருந்த நிலையை அப்படியே உறையவைத்த பதிவு. கோப்புகளை வட்டில் அடுக்கி வைக்கும் இசட்.எஃப்.எஸ். கோப்பு அமைப்பில் நேற்றைய ஸ்னாப்ஷாட்டுக்கும் இன்றைய ஸ்னாப்ஷாட்டுக்கும் இடைப்பட்ட வேறுபாட்டை மட்டும் அனுப்பச் சொல்லலாம். ஒவ்வொரு தரவுத் தொகுதியும் எப்போது எழுதப்பட்டது என்ற குறிப்பு அதன் சுட்டியிலேயே இருப்பதால், மாறாத கிளைகளை அது எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஆகும் நேரம் மாற்றத்தின் அளவைப் பொறுத்ததே தவிர மொத்தக் கோப்புகளின் எண்ணிக்கையைப் பொறுத்ததன்று. நெட்ஆப் சாதனங்களில் ஸ்னாப்டிஃப் என்றும், டெல் பவர்ஸ்கேலில் மாற்றப் பட்டியல் என்றும், லஸ்டர் கோப்பு அமைப்பில் மாற்றக் குறிப்பேடு என்றும் இதே நோக்கத்துக்கான ஏற்பாடுகள் உள்ளன. ஐ.பி.எம்.மின் ஸ்டோரேஜ் ஸ்கேல் (முன்பு ஸ்பெக்ட்ரம் ஸ்கேல்) அமைப்பில் எம்எம்பேக்கப் என்ற கருவி, ஒவ்வொரு கோப்பாகக் கேட்காமல், கோப்பு விவரங்கள் அடங்கிய அட்டவணையையே பல கணினிகளைக் கொண்டு இணையாகப் படித்துவிடுகிறது. சாதாரண விண்டோஸ் சர்வரில்கூட, என்.டி.எஃப்.எஸ். வட்டுப் பகுதிக்கு மாற்றங்களின் குறிப்பேடு ஒன்று உண்டு. இத்தனை இருந்தும், வாங்கிய காப்பு நகல் மென்பொருள் இவற்றைப் பயன்படுத்தத் தெரிந்ததா என்று வாங்குவதற்கு முன் கேட்பவர் மிகக் குறைவு. சேமிப்பகத்தை வெறும் பகிர்வு ஃபோல்டராக இணைத்து, அதன் மேல் கோப்பு கோப்பாக நடப்பதே பல இடங்களில் இன்றும் வழக்கம்.

ஸ்னாப்ஷாட்டிலிருந்து நகலெடுப்பதில் இன்னொரு வசதியும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் கோப்புகளைப் படிக்கும்போது, தொடக்கத்தில் படித்தது இரவு பத்து மணி நிலவரமாகவும் இறுதியில் படித்தது மறுநாள் காலை நிலவரமாகவும் இருக்கும்; இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகலாம். ஸ்னாப்ஷாட்டில் எல்லாம் ஒரே கணத்து நிலை. நகலெடுப்பது காலை ஆறு மணிக்குள் முடிந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் அதனால் தளர்கிறது.

திடீரென ஓர் இரவில் மட்டும் காப்பு நகல் பல மடங்கு நீண்டுவிட்டது என்று அழைப்பு வரும்போது, நான் முதலில் கேட்பது முந்தைய நாள் யாராவது அனுமதிகளை மாற்றினார்களா என்பதைத்தான். மேல்மட்டக் கோப்புறையில் நின்றுகொண்டு உள்ளிருக்கும் அனைத்துக்கும் அனுமதியை மாற்றும் ஒரே கட்டளை, உள்ளடக்கத்தில் ஓர் எழுத்துகூட மாறாதபோதும், எல்லாக் கோப்புகளின் விவர மாற்ற நேரத்தையும் புதுப்பித்துவிடும்; அந்த நேரத்தை நம்பி இயங்கும் மென்பொருள் அன்றிரவு அத்தனையையும் புதியவை என்று எண்ணித் திரும்பப் படிக்கும். துறையின் பெயர் மாறியது என்று ஃபோல்டரின் பெயரை மாற்றினாலும், பாதையை வைத்து அடையாளம் காணும் மென்பொருளுக்கு அதன் கீழ் உள்ள யாவும் புதியவையே. இத்தகைய மாற்றங்களை வார இறுதிக்கு ஒதுக்குவது என்ற ஓர் எளிய நடைமுறை, பல லட்ச ரூபாய்ச் சாதனத்தைவிட அதிகம் உதவும்.

வாரம் ஒருமுறை முழு நகல் என்ற பழைய வழக்கத்தையும் பெரிய சேமிப்பகங்கள் கைவிட வேண்டும். ஒரு முறை முழு நகல். அதன்பின் என்றென்றும் மாற்றங்கள் மட்டும். அந்த மாற்றங்களைப் பழைய முழு நகலோடு காப்பு நகல் சர்வர் தன்னிடத்திலேயே இணைத்துப் புதிய முழு நகலைத் தொகுத்துக்கொள்ளும். மூலச் சேமிப்பகத்தை மறுபடியும் முழுமையாகப் படிக்க வேண்டியதில்லை. தொகுத்த நகல் சரியாக இருக்கிறதா என்று அவ்வப்போது, உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்புக் கூட்டுத்தொகை கொண்டு ஒப்பிடும் வேலை மட்டும் இதில் கூடுதல். அதைத் தவிர்த்தால் நீண்ட சங்கிலியில் எங்கோ அறுந்த ஒரு கண்ணி தேவைப்படும் நாளில்தான் தெரியவரும்.

என்.டி.எம்.பி. என்ற பழைய நெறிமுறையை இன்னும் பயன்படுத்தும் நிறுவனங்கள் ஏராளம். சேமிப்பகமே தன் தரவைத் தானே வெளியே அனுப்பும் ஏற்பாடு என்பதால் அது பயனுள்ளதுதான். ஆனால் அதில் வழக்கமாக இயங்கும் டம்ப் முறையில், முதலில் கோப்புகளையும் கோப்புறைகளையும் வரைபடமாகத் தொகுக்கும் கட்டம் ஒன்று உண்டு. கோடிக்கணக்கான கோப்புகள் இருந்தால் அந்தக் கட்டத்திலேயே வேலை மணிக்கணக்கில் நின்றுவிடும்; திரையில் ஒரு பைட்டும் நகராததைக் கண்டு பணியாளர்கள் வேலையை ரத்து செய்துவிட்டு மறுபடி தொடங்குவார்கள். மறுபடியும் அதே காத்திருப்பு. பெரிய ஒற்றை வால்யூமை (சேமிப்பகப் பிரிவை)ச் சிறு வால்யூம்களாகப் பிரித்து, தனித்தனி வேலைகளாக விடுவதே இதற்குத் தீர்வு.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. எந்த அலுவலகத்தின் பொதுச் சேமிப்பகத்தையும் திறந்து, கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்ற வரிசையில் கோப்புகளை அடுக்கிப் பார்த்தால், பெரும்பகுதி பல ஆண்டுகளாக எவரும் தொடாதவையாக இருக்கும். ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய ஸ்கேன் படமும், முடிந்துபோன திட்டத்தின் வரைபடங்களும் இனி மாறப்போவதில்லை. அவற்றுக்கு இரண்டு தனித்தனி நகல்கள் எடுத்து, வெவ்வேறு கட்டடங்களில் வைத்து, மூலத்தை எழுத இயலாத பகுதிக்கு மாற்றிவிட்டால், அன்றாடக் காப்பு நகலின் சுமையிலிருந்து அவை ஒரேயடியாக நீங்கிவிடும். மீதமிருக்கும் உயிருள்ள பகுதி அளவிலும் எண்ணிக்கையிலும் கையாளக்கூடியதாகிவிடும். இதற்குத் தொழில்நுட்பத் தடை ஏதுமில்லை. எது முடிந்த கோப்பு, எது நடப்புக் கோப்பு என்று கையெழுத்திட்டுச் சொல்ல ஓர் அதிகாரி முன்வர வேண்டும், தடையே அங்குதான். காகிதக் கோப்புகளை நடப்பிலிருந்து பதிவறைக்கு அனுப்பும் முறையை நூறாண்டுக்கு மேலாக நடத்திவரும் நம் அலுவலகங்கள், மின்னணுக் கோப்புக்கு மட்டும் அந்த முறையைக் கைவிட்டது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

பெறும் பக்கத்தைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். நீண்ட காலத்துக்கும், தீ, மின்னல், பணம் பறிக்கும் தீம்பொருள் ஆகியவற்றிலிருந்து பாதுகாக்கவும், காந்த நாடா இன்றும் மலிவான, நம்பகமான ஊடகம். ஒன்பதாம் தலைமுறை எல்.டி.ஓ. வகை நாடா ஒன்றில் சுருக்காமல் 18 டெராபைட் கொள்ளும். நொடிக்கு 400 மெகாபைட் வேகத்தில் ஒரு நாடா நிரம்ப பன்னிரண்டரை மணி நேரம். ஜி-டிரைவ் முழுவதும் 48 நாடாக்களில் அடங்கியிருக்கும்; ஒரு பீரோவின் ஓர் அடுக்குக்குள் வைத்துவிடலாம். நாடாவில் எழுதும் டிரைவ்கள் ஆறு இருந்தால் எட்டுச் சுற்றுகளில், நான்கு நாட்களுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் எழுதி முடித்திருக்கலாம். ஆனால் டிரைவுக்குத் தரவு சீராக வந்துகொண்டே இருக்க வேண்டும். அது தன் வேகத்தை ஓரளவு குறைத்துக்கொள்ளும். அதற்கும் கீழே வரத்துக் குறைந்தால் நின்று, பின்னோக்கிச் சுற்றி, விட்ட இடத்தைத் தேடிப் பிடித்து, மறுபடி எழுதத் தொடங்கும். சிறு கோப்புகளை நேரடியாக நாடாவுக்கு அனுப்பும் இடங்களில் டிரைவ் ஓயாமல் முன்னும் பின்னும் இழுபடும் ஓசையே அறைக்கு வெளியே கேட்கும். வேகமும் போய் நாடாவும் தேய்கிறது. முதலில் ஒரு வட்டு வரிசையில் இறக்கி, பெரிய தொகுப்புகளாகக் கட்டி, பிறகு நாடாவுக்கு அனுப்பினால் இந்தக் குறை தீரும்.

வேகத்தை மட்டுமே நாடுபவர்கள் ஒரு பள்ளத்தில் விழுவதுண்டு. இன்னொரு சேமிப்பகத்துக்கு நொடிக்கு நொடி நகலாகும் ஏற்பாட்டைச் செய்துவிட்டு, காப்பு நகல் இனி எதற்கு என்று இருந்துவிடுவார்கள். இங்கே தவறுதலாக அழித்தால் அங்கேயும் அழியும். இங்கே தீம்பொருள் பூட்டினால் பூட்டப்பட்ட கோப்பே அங்கும் போய்ச் சேரும். ஸ்னாப்ஷாட்டும் மூலத்தின் அதே வட்டுகளில் இருக்கும் வரை, வட்டுகளோடு எரிந்துபோகக்கூடியதே. காப்பு நகல் எடுக்கும் நிரலே தரவை அழித்த நிகழ்வும் உண்டு. ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் 2021 டிசம்பர் 14 முதல் 16 வரை, மீக்கணினியின் சேமிப்பகத்திலிருந்து சுமார் 77 டெராபைட், ஏறக்குறைய 3 கோடியே 40 லட்சம் கோப்புகள் அழிந்தன. பழைய பதிவுக் கோப்புகளை நீக்க வேண்டிய காப்பு நகல் நிரலை, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய பதிப்பால் மாற்றி எழுதியதால், மதிப்பு எதுவும் தரப்படாத மாறி ஒன்றோடு நீக்கும் கட்டளை இயங்கி, ஆய்வாளர்களின் கோப்புகளையே அழித்துவிட்டது. பாதிக்கப்பட்ட 14 ஆய்வுக் குழுக்களில் 4 குழுக்களின் தரவை மீட்க இயலவில்லை. அமைப்பை வழங்கிய நிறுவனம் தன் பொறுப்பை ஒப்புக்கொண்டது. ஆகவே நகல்களில் ஒன்றாவது, மூலச் சேமிப்பகத்தின் நிர்வாகி நினைத்தாலும் அழிக்க முடியாத இடத்தில் இருக்க வேண்டும்.

மீட்பது பற்றி யாரும் கேட்பதில்லை. எடுப்பதைவிட மீட்பது பெரும்பாலும் மெதுவானது; ஏனென்றால் ஒவ்வொரு சிறு கோப்பையும் புதிதாக உருவாக்கி, பெயரிட்டு, அனுமதிகளையும் நேரங்களையும் எழுத வேண்டும். இரவு நான்கு மணி நேரத்தில் மாற்றங்களை எடுத்து முடிக்கும் அமைப்பு, முழுவதையும் திருப்பிக் கொடுக்க மூன்று வாரம் எடுத்துக்கொள்ளலாம். அதுவரை மருத்துவமனை என்ன செய்யும்? இன்று வந்திருக்கும் நோயாளியின் பழைய படம் முதல் மணி நேரத்திலேயே வேண்டும், மற்றவை பொறுக்கலாம். எதை முதலில் மீட்பது என்ற வரிசையைத் தீ அணைந்த பிறகு உட்கார்ந்து யோசிக்க முடியாது. ஆண்டுக்கு இரு முறையாவது ஒரு துறையின் முழுக் கோப்புறையையும் வேறொரு சாதனத்தில் மீட்டு, அந்தத் துறையின் ஊழியரையே திறந்து பார்க்கச் சொல்ல வேண்டும். மென்பொருள் பச்சை நிறத்தில் காட்டும் ‘வெற்றி’ என்ற சொல்லை மட்டும் நம்பி இருக்கக்கூடாது.

இவையெல்லாம் கொரியாவின் கவலை என்று நாம் இருந்துவிட முடியாது. தமிழ்நாட்டில் பட்டாவும் சிட்டாவும் வில்லங்கச் சான்றும் இணையத்தில் கிடைக்கின்றன. அரசு மருத்துவமனைகளிலும் தனியார் ஸ்கேன் மையங்களிலும் படங்கள் கணினியில் சேர்கின்றன. பல்கலைக்கழகங்களும் நூலகங்களும் ஓலைச்சுவடிகளையும் பழைய இதழ்களையும் ஸ்கேன் செய்து வைக்கின்றன. இவற்றில் எதன் காப்பு நகல் எப்படி இருக்கிறது என்று நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் நான் வேலை நிமித்தம் படித்த ஒப்பந்தப்புள்ளி ஆவணங்களில் எத்தனை டெராபைட், எத்தனை வட்டு, எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பவை பக்கம் பக்கமாக இருக்கும். எத்தனை கோடிக் கோப்புகள் வரக்கூடும் என்ற மதிப்பீடும், அன்றாட மாற்றங்களை எத்தனை மணிக்குள் வெளியே எடுக்க வேண்டும், முழுவதையும் எத்தனை நாட்களுக்குள் மீட்டுக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனைகளும் பெரும்பாலும் இருக்காது. இருந்தால் மட்டுமே, விற்பவர் மாற்றப் பட்டியல் வசதியுள்ள சாதனத்தையும் அதைப் பயன்படுத்தத் தெரிந்த மென்பொருளையும் சேர்த்துக் கொடுக்கக் கட்டாயப்படுவார். பணம் கொடுப்பதற்கு முன், வாங்குபவரின் கோப்புகளைப் போன்ற கோடிக்கணக்கான சிறு கோப்புகளை நிரப்பி, எடுத்தும் மீட்டும் காட்டச் சொல்லலாம். விற்பனைப் படிவத்தில் உள்ள வேகங்கள் பெரிய கோப்புகளை வைத்து அளந்தவையாகவே இருக்கும் என்பதால் இந்தச் சோதனை அவசியம்.

தங்கள் நாளிதழின் செய்தியாளர்களும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்தும் வாசகர்களும், பொதுத் தரவை வைத்திருக்கும் அலுவலகங்களிடம் காப்பு நகல் இருக்கிறதா என்று கேட்பதோடு நிற்காமல், கடைசியாக எந்தத் தேதியில் எவ்வளவு தரவு மீட்டுப் பார்க்கப்பட்டது, அதற்கு எவ்வளவு நேரம் ஆனது, எத்தனை கோப்புகள் திறக்கவில்லை என்றும் கேட்க வேண்டுகிறேன். பாதுகாப்பு ரகசியம் எதையும் வெளியிடாமலே பதில் சொல்லக்கூடிய கேள்விகள் இவை.

இப்படிக்கு,
சேமிப்பகப் பொறியாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்.